அந்தரத்தில் நின்ற பெட்டி

மின்னல் வெட்டினால், கம்பிவடத்தில் தொங்கியபடி ஆட்களை ஏற்றிச்செல்லும் பெட்டிகளை நிறுத்திவிடுவார்கள். பெட்டியின் கதவோ நிலையத்தில்தான் திறக்கும். பொகோட்டா நகரின் தெற்கு மலைச்சரிவுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும் பெட்டிக்குள் நூபியா கண்ணாடியில் முகம் பதித்திருக்கிறாள். கீழே அவள் வீட்டு மொட்டைமாடி. காலை வெயிலை நம்பி, பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை அங்கே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ரொட்டி வாங்க வந்தவள். மலைமுகட்டிலிருந்து ஆலங்கட்டி மழை வெள்ளைத் திரையாக இறங்குகிறது. “பக்கத்து வீட்டுக்குப் போன் போடுடி!” என்கிறாள் எதிரே இருக்கும் பூக்காரி. “எடுக்கலையே அக்கா, அவ வீட்ல பாட்ட அலறவிட்டிருப்பா.” “இந்த ஊரு வெயில நம்பி போர்வையக்கூடக் காயப்போட மாட்டாங்க, நீ அப்பனப் போட்டிருக்கியே!” நூபியா கண்ணாடியை அறைகிறாள். அப்பா அண்ணாந்து பார்க்கிறார். பெட்டிக்குள் மகளைக் கண்டதும், அசையக்கூடிய ஒரே கையைத் தூக்கிச் சிரித்தபடி ஆட்டுகிறார்.