நீர்நாய்ப் பைத்தியம்

மனைவியின் முகத்தில் அப்படியொரு பரவசத்தை ஏலக்காரர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. ஆற்றங்கரைப் பலகைக் குடிலுக்குள், கைகளை மடியில் போட்டுக்கொண்டு, உதட்டோரம் சிரிப்போடு உட்கார்ந்திருந்தாள்.

விலங்குகளை மறைந்திருந்து பார்ப்பதற்கென்றே கட்டிய குடில் அது. உள்ளே மூச்சு விடலாம், பேசக் கூடாது. ஒரு தும்மல் போதும், நீர்நாய் தண்ணீருக்குள் போனது போனதுதான்.

பேச முடியாமல் ஏலக்காரர் தவித்துக்கொண்டிருந்தார். பழைய மேசை நாற்காலிகளைக் கூவிக் கூவி ஏலம் விட்டே பிழைத்த வாய் அது. தூக்கத்தில்கூட 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று முனகும் என்பது மைத்துனரின் கேலி.

ஓய்வு பெற்றதும் காட்டு விலங்கு பார்க்கிறேன் என்று கிளம்பியவர் அவர்தான். "மிருகத்தைப் பாக்க இவ்வளவு தூரமா? தெருவுல இல்லாத நாயா பூனையா?" என்று முதல் தடவை மனைவி மூக்கால் அழுதுகொண்டே கூட வந்தாள். வந்தவள், குடிலை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றுவிட்டாள்.

அன்றிலிருந்து கரடிக்கு ஒரு காடு, மலையணிலுக்கு ஒரு காடு என்று அலைச்சல். முந்திக்கொண்டு பெட்டி கட்டுகிறவள் அவள்தான். இத்தனை வருடக் குடித்தனத்தில் இரண்டு பேருக்கும் சேர்ந்து பிடித்துப்போன விஷயம் இது ஒன்றுதான். அதை நினைத்தால் ஏலக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அதற்காகவே நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குடிலில் கூட இருந்த வழிகாட்டி ஏலக்காரரின் தோளை மெல்லத் தட்டினார். எதிர்க்கரைப் பாறையில் ஒரு நீர்நாய்க் குடும்பம்! தாயின் வாயிலிருந்த மீனுக்குக் குட்டிகள் அடிபிடி சண்டை போட்டன. அவர் பரபரத்துப்போய் மனைவியின் முழங்கையை இடித்தார்.

அவள் தலையை ஆட்டினாளே தவிர, மூடிய கண்ணைத் திறக்கவில்லை. தொலைநோக்கி உறைக்குள்ளேயே கிடந்தது. பக்தி முற்றிப்போனால் கண்ணை மூடித்தானே கும்பிடுவார்கள் என்று அவர் உருகிப்போனார்.

குடிலை விட்டு வெளியே கால் வைத்ததும் மடை திறந்தது.

"பாத்தியா, மீனைத் தலையிலேருந்துதான் தின்னுச்சு! ஏன் தெரியுமா? கேளு, சொல்றேன்..."

ஜீப்பில் ஏறியும் சொன்னார், இறங்கியும் சொன்னார். விடுதி வரவேற்பறைக்கு வந்து சேர்வதற்குள் அவள் முகம் வாடி வதங்கிவிட்டது. காட்டைப் பிரிகிற ஏக்கம், பாவம்.

அங்கேதான் வழிகாட்டி அந்த நல்ல சேதியைச் சொன்னார். "அடுத்த சீசனுக்குக் கண்ணாடி அறை கட்டுறோம் சார். உள்ள என்ன பேசினாலும் வெளிய கேக்காது. நாள் பூரா பேசிக்கிட்டே பாக்கலாம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது ஏலக்காரருக்கு. "ரெண்டு பேருக்குப் போடுங்க! ஒரு வாரத்துக்குப் போடுங்க!"

மனைவி பதறினாள். "அப்ப அந்தப் பழைய குடிலு?"

"பிரிச்சிடுவோம்மா."

அவள் கண் கலங்கிவிட்டது. ஏலக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தன் ஆசையைத் தன் மனைவியும் இந்த அளவுக்கு நேசிப்பாள் என்று எந்தப் புருஷன் எதிர்பார்ப்பான்?

"அழாதடி. இதெல்லாம் உனக்காகத்தான்" என்றார். "இனிமே வாயைப் பொத்திக்கிட்டு உக்கார வேண்டாம். பக்கத்துலயே இருந்து ஒவ்வொண்ணையும் உனக்கு விளக்கிச் சொல்றேன். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும்!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழிகாட்டியிடம் திரும்பினாள்.

"இவருக்கு மட்டும் போடுங்க தம்பி. இவர் பேசாம இருக்கிற ஒரே இடம்னுதான் நான் காடு காடா வந்தேன்."