யாரும் போகாத மலை

பெனிட்டாவின் விரல் ராம் வீட்டின் மேல் போய் நின்றது.

அவளுக்கு அது தெரியாது. அவள் போனில் வரைபடம் வெறும் பச்சையாகத்தான் இருந்தது. ஒரு தெருப் பெயர் கிடையாது, ஒரு கடைப் பெயர் கிடையாது.

“இங்கதாம்ல டென்ட் போடணும்,” என்றாள். “பாரேன், மனுஷ வாடையே இல்ல.”

அந்தப் பச்சைக்குள் அவன் அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். தங்கச்சி இருந்தாள். இரண்டு மாடும் ஒரு நாயும் இருந்தன.

அவன் டீயை எடுத்துக் குடித்தான். நாக்கு வெந்துவிட்டது.

கல்லூரி கேன்டீன், சனிக்கிழமை மத்தியானம். கடைசி வருடம். பரீட்சை முடிந்ததும் மூன்று பேரும் எங்காவது போவதென்று முடிவாகியிருந்தது. எங்கே என்பதில்தான் ஒரு வாரமாக இழுபறி. கொடைக்கானலுக்குப் போன வருடமே வகுப்போடு போயாயிற்று. கோயம்புத்தூரில் படித்துக்கொண்டு ஊட்டிக்குப் போவதை டூர் என்று சொன்னால் ஊரே சிரிக்கும். யாரும் போகாத இடமாக வேண்டும் என்று தன்வீர் ஒற்றைக்காலில் நின்றான். தேடித் தேடித் தன்வீரே பிடித்துக்கொண்டு வந்ததுதான் கல்வராயன் மலை.

நாட்டில் வேறு மலையா இல்லை?

“ரோடு சரியில்லையாம்டா,” என்றான் ராம்.

“அதானேடா வேணும்,” என்றான் தன்வீர்.

“பஸ்ஸும் கம்மி. சாயங்காலத்துக்கு மேல ஒண்ணும் கெடையாது.”

“உனக்கெப்படிடா தெரியும்?”

அவன் மறுபடியும் டீயைக் குடித்தான்.

ஹாஸ்டலில் முதல் நாள், எந்த ஊர் என்று கேட்டவனும் இதே தன்வீர்தான். சேலம் என்று இவன் சொன்னான். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஜில்லா சேலம்தான், பஸ் ஏறினால் மூன்று மணி நேரம். மலை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும், எந்தக் கோட்டாவில் சீட்டு கிடைத்தது என்பதை எப்படிச் சிரித்துக்கொண்டே கேட்பார்கள் என்று அவன் மலைக்குக் கீழே, கீழ்நாட்டுப் பள்ளிக்கூடத்திலேயே பார்த்திருந்தான். கரியராமன் என்ற பெயரையும் அன்றைக்கே ராம் என்று சுருக்கிக்கொண்டான்.

அப்புறம் இவர்கள் இரண்டு பேரும் சினேகிதர்கள் ஆகிவிட்டார்கள். அதுதான் வினை. முதலில் சொல்லாததை நடுவில் எந்த வாயால் சொல்வது?

சொன்னால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது.

ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் ஏன் வாய் வரவில்லை என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

பெனிட்டா அதற்குள் ஒரு பயணக் குறிப்பைத் தோண்டி எடுத்திருந்தாள். அந்த மலைக்குப் போய்வந்த யாரோ ஒரு சென்னைக்காரர் எழுதியது. சத்தமாக வாசித்தாள்.

“வழிகாட்டி உள்ளூர்க்காரர். தங்கமான மனிதர். எல்லாருடைய பைகளையும் அவரே தூக்கிக்கொள்வார். என்ன சொன்னாலும் சிரிப்பார்.”

“சூப்பர்,” என்றான் தன்வீர். “பையத் தூக்க ஆள் கெடச்சாச்சு.”

“பேரு சடையனாம்.”

மலையில் எத்தனையோ சடையன்கள். யாராவது ஒரு சடையனாக இருக்கும்.

அவள் நம்பரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அழுத்தினாள். அவள் பாதிக்கு வருவதற்குள் மீதி எண்கள் அவனுக்குள் தானாக ஓடி முடிந்துவிட்டன.

அப்பா.

அப்பா எப்போது இந்த வேலைக்குப் போனார்? ஞாயிற்றுக்கிழமை பேசும்போதெல்லாம் சாமை அறுத்தோம், மரவள்ளி பிடுங்கினோம் என்றுதானே சொல்கிறார்? போன மாதம் தோள் வலிக்கிறது என்றார். வயசாகுதில்ல, தைலம் தேய்ச்சுக்கோங்க என்று இவனும் பெரிய டாக்டர் மாதிரி சொல்லிவிட்டு வைத்தான்.

யார் யாரிடம் எதை மறைத்தோம் என்றே பிடிபடவில்லை.

பெனிட்டா போனை ஸ்பீக்கரில் போட்டு அவன் முன்னால் தள்ளினாள்.

“நீயே பேசு. சேலத்துக்காரன்லா.”

இரண்டு ரிங் போனதும் அப்பா எடுத்துவிட்டார்.

“அலோ, யாருங்க சார்?”

அவன் தொண்டையைச் செருமினான்.

“காலேஜ் பசங்க பேசறோங்க. கோயம்புத்தூர்ல இருந்து.”

லைன் போய்விட்டதோ என்று தன்வீர் குனிந்து பார்த்தான்.

பெற்றவருக்குப் பிள்ளையின் குரல் தெரியாமல் போகுமா? தும்மினாலே தெரியும்.

“எத்தன பேருங்க சார்?” என்றார் அப்பா.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல வெட்கம். அத்தோடு உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்னும் அசிங்கமாக இருந்தது.

“மூணு பேருங்க.”

“வாங்க சார். கருமந்துறை பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கறேன். சாப்பாடெல்லாம் நம்ம ஊட்லயே செஞ்சிரலாம்.”

கொஞ்சம் நிறுத்தினார்.

“நாய மட்டும் கட்டிப் போட்டுடறேன் சார்.”

பெனிட்டா போன் பக்கம் குனிந்தாள். “கடிக்குமா அண்ணாச்சி?”

“அய்ய, கடிக்காதும்மா. தெரிஞ்ச ஆளக் கண்டா மேல ஏறி நக்கும். வுடவே வுடாது. அதான் கட்டிடறேன்.”

“எங்களத்தான் அதுக்குத் தெரியாதே,” என்று அவள் சிரித்தாள்.

அவன் போனைக் கையில் எடுத்தான். ஸ்பீக்கரை அணைக்கவில்லை.

“கட்ட வேணாம், அப்பா,” என்றான்.