தேனை ஊதும் ஊர்

இளவயதில் மானுடவியல் ஆய்வுக்காகத் தங்கியிருந்த மலையூருக்கு, தலை நரைத்த பிறகு யசோதரா மறுபடி வந்திருந்தாள். திருவிழாப் பந்தியில் இலைக்கு இலை தேன் வைத்தார்கள். வாயில் வைக்குமுன் எல்லோரும் அதை ஊதினார்கள். அன்று இல்லாத வழக்கம். அவளுக்குள் பழைய ஆய்வாளர் துள்ளி எழுந்தாள். "தேனை எதுக்கு ஊதறாங்க?" என்று தோழி நஞ்சியின் காதைக் கடித்தாள்.

நஞ்சி சிரித்து, அவள் காதிலேயே சொன்னாள். "அப்போ நீ இங்க வந்த அன்னிக்குக் களி உன் நாக்கைச் சுட்டுப்போட்டுது. அப்புறம் எதைக் குடுத்தாலும், தேனைக்கூட, ஊதித்தானே தின்னுவே? நீ போனப்புறம் உன் நெனப்பு வந்தா நானும் ஊதுவேன். பாத்துப் பாத்து ஊரே புடிச்சுக்கிச்சு."

யசோதரா விரலில் எடுத்த தேனை அப்படியே வாய்க்குக் கொண்டுபோனாள்.

பக்கத்திலிருந்த நஞ்சியின் புது மருமகள் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "ஊதிட்டுச் சாப்பிடுங்கம்மா. இல்லாட்டி சாமி கோவிச்சுக்கும்."