கடற்கரையில் ஒற்றைப் பறவை

பேச்சிழந்தவர்களின் மன உணர்வுகளை நிலக்காட்சிகளாகக் காட்டும் திரைகள் வந்த பிறகு, மருத்துவமனைகள் சங்க இலக்கியம் படித்தவர்களைத் தேடித் தேடி வேலைக்கு எடுத்தன. "பழைய பாட்டைப் படிச்சா எவன் வேலை குடுப்பான்?" என்று திட்டிக்கொண்டே தன்னைக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்த அப்பாவை, அப்படி வேலைக்கு வந்த அல்லி அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

அன்று மருத்துவமனை வராந்தாவில் மாசிலாமணி ஒரு பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். பக்கவாதத்தில் பேச்சு போன அவர் மனைவி செண்பகத்தின் திரையில் ஒரு வாரமாக ஒரே கடல்தான்.

"திருச்செந்தூர் வரைக்கும் போய்க் கடல் தண்ணியே கொண்டாந்துட்டேம்மா. அதையும் திரும்பிப் பாக்க மாட்டேங்கிறா."

"நீங்களே உள்ள போய்க் குடுத்தீங்களா, ஐயா?"

"நர்ஸ்கிட்ட குடுத்து விட்டேன், அப்படியே திரும்பி வந்துடுச்சு. செண்பகத்துக்குத்தான் என்னை அடையாளம் தெரியலையே. நான் போய் என்ன பண்ண?"

அல்லி கதவு வழியே உள்ளே இருந்த திரையைப் பார்த்தாள். பொழுது சாய்ந்த கரையில், ஆளில்லாத மணலில், ஒற்றைப் பறவை நின்றது. இப்படிப்பட்ட கரையில் நின்ற எத்தனை பெண்களை அவள் வகுப்பில், சங்கப் பாட்டுகளில் சந்தித்திருக்கிறாள்! ஒருத்தியும் கடலைக் கேட்டதில்லை.

"அவங்க உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க, ஐயா."

அவர் தயங்கித் தயங்கி உள்ளே போய் மனைவியின் கையைப் பிடித்தார். திரையில் கடல் மெல்ல மறைந்து காடு வந்தது. காட்டில் மழை பிடித்துக்கொண்டது. பிரிந்து போனவன் வீடு திரும்பும் காலமென்று அந்தப் பாட்டுகள் சொன்ன அதே மழை.

மாசிலாமணி பதறினார். "மழை பெய்யுதேம்மா! ஓடிப்போய்க் குடை வாங்கியாரவா?"

அல்லிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அப்பா சேர்த்துவிட்ட அந்த வகுப்பறைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சொன்னாள்:

"எங்கயும் போயிடாதீங்க, ஐயா. நனையட்டும்."