முதல் மிடறு

பிரான்சின் லியோன் நகரில் எங்கள் தெருமுனை ஒயின் உணவகத்தின் ஜன்னலோர மேசையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. காய்ச்சலுக்குப் பிறகு கஸ்தோனுக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. அவன் அதை மறைக்கிறான். அவன் மனைவி ஒதீல் எங்களிடம் சொல்லிவிட்டாள். "ஒயினை ருசிக்க உனக்கு நாக்கே கிடையாது" என்று இருபது வருடமாக இதே மேசையில் அவளைக் கேலி செய்து எங்களைச் சிரிக்க வைத்தவன் அவன். தக்கையில் பூஞ்சை பிடித்து ஒயின் கெட்டுவிட்டதென்று மதியம் யாரோ திருப்பியனுப்பிய பாட்டிலைக் கடைக்காரர் ரெமி வேண்டுமென்றே கொண்டுவருகிறார். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் எனக்கே அடிக்கிறது. வழக்கம்போல முதல் மிடறு கஸ்தோனுக்கு. கோப்பையை வெயிலில் உயர்த்துகிறான், சுழற்றுகிறான், மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடுகிறான். "ஊதாப்பூ வாசம்... மழை விட்ட தோட்டம்." ரெமி துண்டால் வாயைப் பொத்திக்கொள்கிறார். "யாரு தோட்டம்டா? அதையும் சொல்லிடேன்!" என்கிறேன். மேசையே குலுங்கிச் சிரிக்கிறது. அவன் கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான். ஒதீல் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டிலை எடுத்து அவன் கோப்பையை விளிம்புவரை நிரப்புகிறாள். "உனக்குத்தான் நாக்கு இருக்கே, குடி." அவளையே பார்த்தபடி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் அவன் குடிக்கிறான்.