ஆறு மணிக்கு யாரும் இல்லை

ஆறு மணி அடித்ததும் சுஷ்மா ஷாலை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வாக்கிங் போயிட்டு வரேன். வெள்ளரிக்காய் நறுக்கி வெச்சிருக்கேன், மோர் இருக்கு. பசிச்சா எடுத்துக்கோங்கோ."

அவள் கணவர் ஜெயகிருஷ்ணன் வெள்ளரிக்காய்த் தட்டை முறைத்தார். பசித்தாலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு அவருக்குப் பசிக்காத நாள் ஒன்று உண்டா?

காலேஜ் ப்ராஜெக்ட் என்று முணுமுணுத்துவிட்டு மகன் ப்ரணவும் அம்மா பின்னாலேயே கிளம்பினான். டெல்லி துவாரகாவில் அந்த ஐந்தாம் மாடி ஃப்ளாட்டில் ஜெயகிருஷ்ணனும் ஒரு தட்டு வெள்ளரிக்காயும் மட்டும் மிஞ்சினார்கள்.

எடையைக் குறைத்தால்தான் முழங்கால் ஆபரேஷன் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். ஆபரேஷன் இல்லையென்றால் இந்தக் காலை இழுத்துக்கொண்டு மினிஸ்ட்ரிக்குப் போய்வர முடியாது. விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இதற்கு முன் இரண்டு முறை டயட்டில் இறங்கி, இரண்டு முறையும் மண்ணைக் கவ்வியிருந்தார். காலையையும் மதியத்தையும் எப்படியோ ஓட்டிவிடுவார். சாயங்காலம்தான் காலை வாரிவிடும். எங்கிருந்தோ எண்ணெய் காயும் வாசனை வரும். கொஞ்ச நேரத்தில் அவர் கையில் ஒரு பஜ்ஜி இருக்கும். அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது.

தீபாவளி முடிந்த கையோடு மூன்றாவது முறை ஆரம்பித்தார். இந்தத் தடவை ஆச்சரியம், ஒரு வாசனைகூட அவரை அசைக்கவில்லை. எடையும் இறங்க ஆரம்பித்தது. பசி வயிற்றில் இல்லை, மனசில்தான் இருக்கிறது, மனசை அடக்கினால் மூக்கு தானாக அடங்கும் என்று ஆபீஸில் லஞ்ச் நேரத்தில் உபதேசம் செய்யும் அளவுக்குப் போய்விட்டார். கேட்டவர்கள் ஆலு பரோட்டாவை மென்றபடி தலையாட்டினார்கள்.

ஒரே மனக்குறை சுஷ்மாதான். பசி உயிரை எடுக்கிற அந்த ஒரு மணி நேரம், பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசக்கூடாதா? இந்த டிசம்பர் குளிரில் யாராவது வாக்கிங் போவார்களா?

நேற்று ப்ரணவ் திரும்பி வந்தபோது ஸ்வெட்டர் கையில் பச்சைச் சட்னி ஒட்டியிருந்தது. ப்ராஜெக்டில் ஏது சட்னி?

லிஃப்டில் பார்த்த மூன்றாம் மாடி அருள்ராஜிடம் மெல்ல விசாரித்தார். ஏர்போர்ட்டில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர், சாதாரணமாக நிறுத்தாமல் பேசுகிறவர். அன்றைக்கு, "தெரியலையே சார்" என்று சொல்லிவிட்டுத் தன் மாடி வருவதற்கு முன்பே இறங்கிப் போய்விட்டார்.

ஆக, பில்டிங்குக்கே தெரிந்திருக்கிறது. தான் இங்கே பச்சைக் காயை மென்றுகொண்டிருக்க, அம்மாவும் பிள்ளையும் தினம் வெளியில் வெளுத்துக் கட்டுகிறார்கள். கூட வாழ்கிறவளுக்கு இதுகூடத் தோன்றாதா? நினைக்க நினைக்க அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

இன்றைக்கு விடுவதில்லை என்று மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு, கைத்தடியோடு வெளியே வந்தார்.

லிஃப்ட் கீழே போயிருக்கவில்லை. கடைசி மாடியில் நின்றுகொண்டிருந்தது. வாக்கிங் போகிறவள் எதற்கு மேலே போகிறாள்?

லிஃப்டை வரவழைத்து அவரும் மேலே போனார். மொட்டை மாடிக் கதவு ஒருக்களித்திருந்தது. தமிழும் ஹிந்தியுமாகப் பேச்சுச் சத்தம் கேட்டது. தள்ளிப் பார்த்தார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக நாலைந்து சின்ன காஸ் அடுப்புகள். ஒன்றில் சுஷ்மா, காதோடு ஷாலைச் சுற்றிக்கொண்டு பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். காற்றில் அடுப்பு அணையாமல் ப்ரணவ் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடுத்த அடுப்பில் நாலாம் மாடி சோப்ரா ஆன்ட்டி பக்கோடா. அதற்கடுத்து அருள்ராஜ் வீட்டு வடை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு இன்னும் இரண்டு குடும்பங்கள். எல்லோருக்கும் குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

அவரைப் பார்த்ததும் ப்ரணவ் இன்னொரு கையிலிருந்த பஜ்ஜியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"அச்சா. இதுதான் உன் வாக்கிங்கா?"

சுஷ்மா அடுப்பைத் தணித்தாள்.

"நம்ம பில்டிங்ல எல்லா கிச்சனுக்கும் புகை போறதுக்கு ஒரே ஷாஃப்ட். கீழ யார் எண்ணெய் வெச்சாலும் வாசனை நேரா நம்மாத்துக்குத்தான் வரது. நம்மாத்துல நிறுத்தினா மட்டும் போறுமா? இந்தத் தடவையும் விட்டுட்டேள்னா ஆபரேஷனே நடக்காதேன்னு பயமா இருந்தது. ஒவ்வொரு ஆத்துலயும் ஏறி இறங்கி, சாயங்காலம் மட்டும் எதுவும் பொரிக்காதீங்கோன்னு கேட்டேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். குழந்தைகள் கேட்குமே, மேலே போய்ப் பொரித்துக்கொள்ளலாம் என்று சொன்னது சோப்ரா ஆன்ட்டி. ஜெயகிருஷ்ணனுக்குத் தெரிந்தால் கூச்சப்பட்டு டயட்டை விட்டுவிடுவார், யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவு செய்தது எல்லோரும் சேர்ந்து.

ஜெயகிருஷ்ணனுக்கு ஆபீஸில் செய்த உபதேசம் ஞாபகம் வந்து வெட்கம் பிடுங்கித் தின்றது. மங்கி கேப்பைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அருள்ராஜ் இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"தப்பா நெனைக்காதீய சார். இன்னும் எத்தன கிலோ பாக்கி இருக்கு?"