ஸ்பூன் பேரம்

"இந்தப் புதுக் கையால நீங்களே ஸ்பூன் பிடிச்சுச் சாப்பிடணும். அதுதான் முதல் இலக்கு. ஒரு மாசம் போதுமா?" என்றாள் தெரபிஸ்ட்.

"கட்டுப்படியாகாதும்மா. ஆறு மாசம் போடு," என்றார் செயற்கைக் கை பொருத்திய ஜவுளிக்கடைக்காரர்.

"மூணு?"

"ஆறுக்குக் குறைஞ்சா நான் வேற இடம் பார்த்துக்கறேன்."

மனைவி தலையிலடித்துக்கொண்டாள். "ஊட்டி ஊட்டி என் கை ஓஞ்சுபோச்சு!"

அவள் போன் பேச வெளியே போனதும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஸ்பூன் பிடிக்க எப்பவோ வந்துடுச்சும்மா. கல்யாணமானதிலிருந்து இப்பதான் அவ பக்கத்துல உட்கார்ந்து பேசுறா. கெடுத்துடாதே."

அவர் ஆட்டோ பிடிக்கப் போனதும் மனைவி மட்டும் உள்ளே வந்தாள்.

"எத்தனை மாசம் போட்டேம்மா?"

"ஆறு."

"ஒரு வருஷமாப் போடு. இப்பதான் கடையை விட்டுட்டு வேளைக்கு வீட்டுக்கு வர்றாரு. நான் அந்தப் பக்கம் திரும்பினதும் அதே கையால பிஸ்கட் எடுத்துத் தின்னுறது எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாதே!"